பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பது

மளிகைக் கடையில் முன்பெல்லாம் கடைக்காரர் நம் எதிரிலேயே தராசைப் பிடித்தார்; துவரம் பருப்பைக் காகிதத்தில் கொட்டிச் சணல் நூலால் கட்டிக் கொடுத்தார். நிறையில் சந்தேகம் தோன்றினால் அங்கேயே கேட்டுவிடலாம். இன்றோ பருப்பும் மிளகாய்த் தூளும் எங்கோ ஓர் ஊரில் நிறுக்கப்பட்டு, ஒட்டிய உறைக்குள் வந்து சேர்கின்றன. நிறுத்தவர் முகம் நாம் அறியோம். அவருக்குப் பதிலாக நம்மிடம் இருப்பது உறையின் மேலுள்ள எழுத்து ஒன்றே. அதனால்தான் அவ்வெழுத்தை வியாபாரியின் இஷ்டத்துக்கு விடாமல் சர்க்கார் சட்டத்துக்கு உட்படுத்தியிருக்கிறது.

பொட்டலச் சரக்குகளுக்கென்று தனி விதிகள் 1977-இல் ஏற்பட்டன. ஆயினும் அவற்றில் பெரியதோர் ஓட்டை இருந்தது. விலையை அச்சிட்டு, பக்கத்தில் ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று சேர்த்துவிட்டால் போதும். அந்த வரி எவ்வளவென்று வாங்குகிறவருக்குத் தெரியாது. கடைக்காரர் சொன்னதே கணக்கு. எல்லா வரிகளையும் உள்ளடக்கிய உச்ச விலையை அச்சிட வேண்டுமென்ற திருத்தம் 1990-இல் வந்தது. நாம் எம்.ஆர்.பி. என்று சொல்வது இதைத்தான். அது உச்ச விலையேயன்றிக் கட்டாய விலை அன்று. குறைத்து விற்கத் தடையேதும் இல்லை. பேரம் பேசுவதில் பெயர் பெற்ற நம் இல்லத்தரசிகள் இதை ஏனோ மறந்துவிட்டார்கள்!

இப்போது நடைமுறையில் இருப்பவை 2009-ஆம் ஆண்டுச் சட்டமும், 2011 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த விதிகளுமாகும். தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவரின் பெயரும் விலாசமும், சரக்கின் வழக்குப் பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், உச்ச விலை, புகார் சொல்ல வேண்டிய இடம் ஆகியவை உறையில் இருந்தே தீரவேண்டும். நிகர எடை என்பது உறையை நீக்கிய எடை. நெய் டின்னில் டின்னின் கனம் சேராது. ஒரு கிலோப் பொட்டலம் ஒன்றில் 15 கிராம் வரை குறைவதை விதி பொறுத்துக்கொள்கிறது. ஆனால் பல பொட்டலங்களை எடுத்து நிறுத்தால் சராசரி குறையக் கூடாது. கை தவறுவதற்கு இடமுண்டு. தவறுவதையே வழக்கமாக்கிக் கொள்ள இடமில்லை. விலையைக் குறைப்பதற்கு மேலே சீட்டு ஒட்டலாம். அப்பொழுதும் பழைய விலையை மறைத்தல் ஆகாது.

பிஸ்கோத்து, தேயிலை முதலியவற்றை இன்னின்ன அளவில்தான் கட்டவேண்டும் என்று முன்பு ஒரு பட்டியல் இருந்தது. 2021-ஆம் வருஷத்துத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. மாற்றாக, கிராமுக்கோ கிலோவுக்கோ விலை என்னவென்று அச்சிடச் சொல்லிற்று. விலையை ஏற்றாமல் எடையை மட்டும் சத்தமின்றிக் குறைக்கும் சாமர்த்தியத்தை இந்தச் சிறு வரி காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்விதிகள் பெரிய ஆலைக்காரருக்கு மட்டுமே என்று நினைப்போர் பலர். எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் வீட்டில் அப்பளம் இட்டுக் கடைகளுக்குக் கொடுத்துவருகிறார். அழகான பிள்ளையார் படத்துடன் முந்நூறு உறை அச்சடித்தார். நிகர எடையும் மாதமும் இல்லையென்று கடைக்காரர் அத்தனையையும் திருப்பிவிட்டார். அச்சுக்கூலி போயிற்று. சட்டத்தின் கண்ணில் அவரும் ‘பொட்டலமிடுபவர்’தான்; தொழில் தொடங்கிய 90 நாளுக்குள் 500 ரூபாய் கட்டிப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர். உணவுப் பொருளாதலால் 2006-ஆம் ஆண்டு உணவுச் சட்டப்படி உரிம எண்ணும், சைவத்துக்குரிய பச்சை வட்டமும் வேறு வேண்டும். உறையில் குறையிருந்தால் முதற் குற்றத்துக்கே 25,000 ரூபாய் வரை அபராதம் என்று 2009-இல் சட்டம் இயற்றியபோது வகுத்தார்கள். அந்த அம்மாளுக்கு இதையெல்லாம் யார் எடுத்துச் சொன்னார்கள்? பதிவுப் பணத்தை வாங்குகிற உத்தியோகஸ்தர் மாதிரி உறை ஒன்றையும் தமிழில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

தமிழ் என்றதும் மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. உறையின் விவரங்கள் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கவேண்டும் என்பது விதி. பிற பாஷைகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம். சேர்த்தே ஆகவேண்டும் என்பதில்லை. தமிழ் மட்டும் படித்த பாட்டி விலையின் இலக்கத்தைத் தாமே பார்த்துக்கொள்வார். புகாரை எவ்விடத்துக்கு எழுதுவது என்ற வரிக்கு மட்டும் பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.