மம்மியும் கருவாடும்

மண்ணூர்பேட்டை டீக்கடையில் கிளாஸ் ஆறுவதற்குள் பேசி முடிக்கிற விஷயம்தான், உட்காருங்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பண்டைய எகிப்தை நடித்துப் பார்த்தே சொல்லிக்கொடுக்கலாம் என்றால், நமக்கு உடனே ஞாபகம் வருவது ஆண்டு விழா: வாடகை உடை, அட்டைக் கிரீடம், மனப்பாட வசனம், போனைத் தூக்கிப் பிடித்தபடி அப்பாக்கள். இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறோம். அது பெற்றோர் பார்ப்பதற்கு. பாடத்துக்காக நடிக்கும்போது மேடையும் வேண்டாம், கைதட்ட ஆளும் வேண்டாம்.

மம்மி செய்வதையே எடுத்துக்கொள்வோம். ஒரு துணிப்பொம்மை, அதன் வயிற்றுக்குள் ஈரல், குடல், இதயம் என்று ஈரப்பஞ்சுப் பொட்டலங்கள், பழைய வேட்டிக் கிழிசல், ஒரு கிண்ணம் கல்லுப்பு. இவ்வளவு போதும். பிள்ளைகளுக்குக் கை பறப்பது துணி சுற்றத்தான். சுற்றட்டும், தடுக்காதீர்கள். முடித்தபின் மெல்லக் கேட்போம்: "ஈரத்தோட சுத்திட்டீங்களே, உள்ளே என்ன ஆகும்?"

"நாறிடும் மிஸ்" என்று ஏதாவதொரு குரல் வரும். அப்படியானால் கருவாடு ஏன் கெடுவதில்லை? குடலை எடுக்கிறார்கள், உப்பில் போடுகிறார்கள், காயவைக்கிறார்கள். எகிப்தியர் செய்ததும் ஏறக்குறைய அதேதான். அவர்கள் உப்பின் பெயர் நேட்ரான். வறண்ட ஏரிப் படுகையில் கிடைப்பது, சமையல் உப்பும் சோடா உப்பும் கலந்தாற்போல் இருக்கும். மொத்தம் எழுபது நாள் வேலையில் நாற்பது நாள் போல உப்பில் உலரவே போய்விடும். துணி கடைசியில்தான். பொம்மையை அவிழ்த்து முதலிலிருந்து தொடங்கும் பிள்ளைக்கு இந்த வரிசை மறக்காது.

அடுத்து ஒரு சண்டை வரும்: எதை உள்ளே விடுவது? மூளையைத்தான் என்பார்கள். எகிப்தியரோ மூளையை வெளியே எடுத்துவிட்டு, இதயத்தை விட்டுவைத்தார்கள். நினைப்பது இதயம் என்பது அவர்கள் கணக்கு. (நாமும் 'மனசு' என்றால் நெஞ்சைத்தானே தொடுகிறோம்!) மறுமையில் அந்த இதயத்தை ஓர் இறகோடு நிறுப்பார்களாம். குள்ளநரி முகமூடி போட்ட பிள்ளை தராசோடு நிற்கட்டும். அதுதான் அனுபிஸ் தெய்வம்.

இது ஏதோ கான்வென்ட் ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூனில் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய, அரசுப் பள்ளிகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலேயே கதையும் பாட்டும் பொம்மலாட்டமும் உண்டு.

உப்போடு நாலு மிளகும் எடுத்து வையுங்கள். கி.மு. 1213-இல் இறந்த எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்சேசின் மம்மியில், மூக்குக்குள் மிளகு இருந்தது. அந்தக் காலத்தில் மிளகு விளைந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம்.