‘எண்பத்தாறு இல்ல மாமா, எண்பத்தஞ்சு!’

திண்டுக்கல்லில் ஒரு கல்யாணப் பந்தி என்று வைத்துக்கொள்வோம். “எண்பத்தாறுல நம்ம மாவட்டம் மதுரையிலிருந்து பிரிஞ்சப்போ...” என்று கதையை ஆரம்பிக்கிறார் மாமா. “எண்பத்தஞ்சு மாமா, செப்டம்பர் 15” என்கிறான் ஆட்டிசம் உள்ள பையன். மாமாவின் முகம் சுருங்குகிறது. அம்மா அவன் தொடையில் கிள்ளுகிறார்.

பையன் சொன்னதுதான் சரி. ஆனால், அவனுக்குக் கிடைப்பது ‘வாய்த்துடுக்கு’ என்ற பட்டம்!

இது திமிர் அல்ல. ஆட்டிசம் உள்ள பலருக்கு, தவறான விவரம் செருப்புக்குள் சிக்கிய கல்போல உறுத்தும். ‘பெரியவர்களைச் சபையில் திருத்தக் கூடாது’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதி, அவர்களுக்குத் தானாகப் பிடிபடுவதில்லை.

ஆட்டிசம் பற்றி 1943-ல் டாக்டர் லியோ கேனர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே இப்படி ஒரு சிறுவன் உண்டு. படங்கள் சுவரில் இருப்பதாக அப்பா சொல்ல, ‘சுவருக்குப் பக்கத்தில்’ என்று திருத்தினான் அவன்.

அதட்டி அடக்கினால், இந்தப் பிள்ளைகள் பேசவே தயங்கலாம். எப்போது சொல்வது என்பதை வெளிப்படையாகக் கற்றுக்கொடுங்கள். மருந்து, பணம், பஸ் நேரம் என்றால் உடனே சொல்லலாம். கதை என்றால், முடிந்த பிறகு தனியாகச் சொல்லலாம்.

மாமாவும், “ஆமாப்பா, நீ சொன்னதுதான் சரி” என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடரலாமே!