"அப்" சேர்ந்தால் அர்த்தம் மாறும்!

பெரியகுளம் மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே தோப்பில் நிற்பவரிடம் இங்கிலீஷில் "பிக்" என்றால், "மாங்காயைப் பறி" என்று பொருள். "பிக் அப்" என்றால், "கீழே கிடப்பதை எடு" என்று பொருள்.

சேர்ந்தது ஒரு சிறு சொல்தான். ஆனால், வேலையே மாறிவிடுகிறது!

காம்போடு பறித்த காய்க்கு நல்ல விலை உண்டு. உதிர்ந்த காய் அடிபட்டிருக்கும், சீக்கிரம் அழுகும். இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் தோப்புக்காரருக்கு நஷ்டம்தான்.

தமிழிலும் உண்டு

இது நமக்குப் புதிதல்ல. "குழந்தையைப் பார்" என்பது வேறு. "குழந்தையைப் பார்த்துக்கொள்" என்பது வேறு அல்லவா?

பல பொருள்

பெரியகுளத்தில் ரயில் நிலையம் இல்லை. பக்கத்தில் உள்ள தேனியில் 2010 கடைசியில் நின்றுபோன ரயில், 2022 மே மாதம் அகலப் பாதையில் மீண்டும் வந்தது. அங்கே வந்து இறங்கும் மாமாவைப் போய் அழைத்துவருவதும் "பிக் அப்"தான்!

டெலிபோன் மணி அடித்ததும் எடுப்பது, மந்தமான வியாபாரம் சூடுபிடிப்பது, காதால் கேட்டுக் கேட்டே ஒரு பாஷையைப் பழகிக்கொள்வது, எல்லாவற்றுக்கும் இதே சொல்தான். எது என்பதை, கூட வரும் சொற்கள் காட்டிக்கொடுக்கும்.

எது சரி?

"அதை எடு" என்பதற்கு, "பிக் இட் அப்" என்பதே சரி. "பிக் அப் இட்" என்பது தவறு. "இட்" நடுவில்தான் வரவேண்டும்.

எனவே, இங்கிலீஷ் படிக்கும் பிள்ளைகள் "பிக்" என்று மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது. பக்கத்தில் நிற்கும் சின்னச் சொல்லையும் சேர்த்தே படிக்கவேண்டும்.