அடுப்படியும் அரசியலும் – 11: கஸ்தூரிபாவின் ஓரவஞ்சனை

மத்தியப் பிரதேசத்தில் கட்னி ஸ்டேஷன். ரயில் நின்றதும் வழக்கம்போல ‘மகாத்மா காந்திக்கு ஜே’ என்று கூட்டம் முழங்கியது. நடுவே ஒரு தனிக்குரல் மட்டும் ‘மாதா கஸ்தூரிபாவுக்கு ஜே’ என்றது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார் பா. கந்தலும் கோலமுமாக நின்றிருந்தவர் அவருடைய மூத்த பிள்ளை ஹரிலால். கையில் ஒரே ஓர் ஆரஞ்சுப் பழம்.

எனக்கு ஒன்றும் கொண்டுவரவில்லையா என்று காந்தி கேட்டார். இல்லை, இது அம்மாவுக்கு மட்டும்தான். நீங்கள் இவ்வளவு பெரிய மனிதர் ஆனதே அம்மாவால்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் மகன். யாருக்கும் பங்கு வைக்காமல் அம்மாவே சாப்பிட வேண்டும் என்று வேறு உறுதி வாங்கிக்கொண்டார். எங்களோடு வந்துவிடப்பா என்று பா கெஞ்சினார். அதற்கெல்லாம் காலம் கடந்துவிட்டது என்றார் ஹரிலால். வண்டி நகர்ந்த பிறகுதான் பாவுக்கு உறைத்தது. கூடையில் அத்தனை பழம் இருந்தும் பசியோடு நின்ற பிள்ளைக்கு ஒன்றுகூட எடுத்துக் கொடுக்கவில்லையே! அவர் கூடையைத் தேடுவதற்குள் பிளாட்பாரம் பின்னால் போய்விட்டது.

கஸ்தூரிபாவைக் காந்தியின் நிழல் என்று எழுதி முடித்துவிடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊரார் பிள்ளைகளையும் தன் பிள்ளைகளையும் ஒரே தட்டில் வைத்தவர் காந்தி. அந்த வீட்டில் பெற்ற பிள்ளைக்கென்று ஓரவஞ்சனை பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் பா.

போர்பந்தரில் 1869-ல் பிறந்தவர். கணவரைவிடச் சில மாதம் மூத்தவர். பதின்மூன்று வயதுக் கல்யாணம், ஹரிலால், மணிலால், ராமதாஸ், தேவதாஸ் என்று நான்கு பிள்ளைகள். இவையெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. 1901-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கிளம்பும்போது நடந்த நகைச் சண்டையைத்தான் நின்று பார்க்க வேண்டும்.

வழியனுப்பிய இந்தியர்கள் தங்கமும் வைரமுமாகப் பரிசுகளைக் குவித்தார்கள். அதில் 50 கினி பெறுமான ஒரு தங்க நெக்லஸ் பாவுக்கென்றே கொடுத்தது. காந்திக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. எல்லாவற்றையும் பொதுப் பணிக்கு அறக்கட்டளையாக எழுதிவிடத் தீர்மானித்து, முதலில் பிள்ளைகளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். பா மசியவில்லை. எனக்கு வேண்டாம், நாளைக்கு வரப்போகும் மருமகள்களுக்கு வேண்டாமா என்றார். அப்போது கேட்டால் நான் வாங்கித் தருகிறேன் என்றார் கணவர். என் நகையைக் கழற்றியவரா மருமகளுக்கு வாங்கித் தரப்போகிறார் என்று மடக்கினார் பா. என் சேவைக்குக் கிடைத்தது என்று காந்தி சொன்னபோது, உமக்காக ராப்பகலாக நான் உழைத்தது சேவையில்லையா என்று கேட்டார். அந்தக் கேள்விகளில் சில சுருக்கென்று தைத்ததாகக் காந்தியே சுயசரிதையில் எழுதுகிறார். ஆனாலும் நெக்லஸ் போய்விட்டது. வாதத்தில் ஜெயித்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாவைக் குறையே இல்லாதவராக்குவதும் சரியில்லை. 1915-ல் ஆசிரமத்துக்குத் தீண்டப்படாதார் குடும்பம் ஒன்று வந்தபோது அவர் முதலில் முகம் சுளித்தவர்தான். மாறினார், மெதுவாக.

சிறைக்குப் போனது வேறு கதை. குடும்பம் மறுபடி தென்னாப்பிரிக்காவில் இருந்த காலம் அது. கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்று 1913-ல் கேப் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் நான் உங்கள் மனைவி இல்லையா என்று கேட்ட பா, அந்த செப்டம்பரில் பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து புறப்பட்ட முதல் சத்தியாக்கிரக அணியில் சேர்ந்தார். மாரிட்ஸ்பர்க் சிறையில் மூன்று மாதக் கடுங்காவல். எலும்பும் தோலுமாக வெளியே வந்தார். அதே வருஷம் டிசம்பரில் அதே சிறைக்குப் போன இன்னொரு பெண், நம் தில்லையாடி வள்ளியம்மை.

1918-ல் இன்ஃபுளுயென்சா ஹரிலாலின் மனைவியைக் கொண்டுபோனது. தாயில்லாத பேரப்பிள்ளைகள் பாவிடம் வந்து சேர்ந்தார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில், ஆசிரம மணியடிப்புக்கு நடுவே, மறுபடியும் குழந்தை வளர்ப்பு. அவர்களில் ரசிக் 1929-ல் டெல்லியில் காய்ச்சலில் இறந்துபோனான். பெற்ற பிள்ளையோ குடியில் மூழ்கியிருந்தார். 1936-ல் ஹரிலால் மதம் மாறியபோது பா பகிரங்கமாகவே ஒரு கடிதம் எழுதினார். அது மத விவாதமல்ல, தாயின் புலம்பல். கடைசி மருமகளாக ராஜாஜியின் மகள் லட்சுமி வந்தது 1933-ல். அதன்பின் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் குஜராத்திப் பாட்டி, மறுபக்கம் தமிழ்த் தாத்தா.

1942 ஆகஸ்டில் கைதாகி, புனே ஆகா கான் மாளிகையில் காவலில் வைக்கப்பட்டார் பா. வயது எழுபதைத் தாண்டியிருந்தது; அங்கேயும் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார் காந்தி. 1944 பிப்ரவரியில் நிலைமை மோசமானது. அப்போது அபூர்வமாக இருந்த பென்சிலினை தேவதாஸ் வரவழைத்துவிட்டார். சில மணிக்கொரு தரம் ஊசி போட வேண்டும் என்றதும், கடைசி நேரத்தில் அவளை வதைக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டார் காந்தி. மருந்து பலித்திருக்குமா என்பது வேறு விஷயம்; கேட்ட பிள்ளையின் பக்கம்தான் நான். ஹரிலாலும் வந்தார், குடித்துவிட்டு. பார்த்த பா நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதார். பிப்ரவரி 22 சாயங்காலம் கணவர் மடியில் உயிர் பிரிந்தது. காந்தி நூற்ற நூலில் நெய்த புடவையை உடுத்தி, மாளிகைத் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள். வள்ளியம்மை இறந்ததும் ஒரு பிப்ரவரி 22-தான், முப்பது வருஷத்துக்கு முன்னால்.

பா பெயரில் 75 லட்சம் ரூபாய் திரட்டத் திட்டமிட்டார்கள். சேர்ந்தது ஒரு கோடிக்கு மேல். கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று காந்தி கண்டிப்பாகச் சொன்னார். தமிழ்நாட்டில் அந்தப் பணியை ஏற்ற டாக்டர் சௌந்தரம் காந்திகிராமத்தை உருவாக்கினார். அங்குள்ள மருத்துவமனை கஸ்தூரிபா பெயரில் நடக்கிறது. சென்னை திருவல்லிக்கேணியில் பழைய ஆட்கள் இன்னும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே சொல்லும் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கும் அவர் பெயர்தான்.

(அடுத்த வாரம்: நாகம்மையார்)