மறைத்தால் யாருக்கு நட்டம்?

எம் மதரஸா மாணவனொருவனின் பாட்டனார், ஜெர்மனியிலுள்ள மகனைக் காணப் புறப்பட்டார். பயணக் காப்பீட்டுப் படிவத்தை நீட்டி, "ஹஜ்ரத், சர்க்கரை நோய் இல்லையென்றே எழுதுங்கள், முகவர் அப்படித்தான் சொன்னார்" என்றார். நான் எழுத மறுத்தேன்.

மறைத்தால் பிரிமியம் குறையலாம். ஆனால், படுக்கையில் விழும் நாளில் மருத்துவமனைக் குறிப்பே உண்மையைச் சொல்லிவிடும், இழப்பீடும் மறுக்கப்படும். உள்ளபடி எழுதினாலும், பல பயணக் காப்பீடுகள் பழைய நோய்க்கு உயிராபத்து நேரும்போது மட்டுமே, அதுவும் ஒரு வரம்புக்குள் பணம் தருகின்றன. அவ்வரம்பு எவ்வளவென்பதே முதலில் கேட்கவேண்டிய கேள்வி. ஜெர்மனி உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளின் குறுகியகால விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடாவது கட்டாயம். அது விசாவுக்கான அளவேயன்றி நோயாளிக்கான அளவன்று.

"வீட்டில் ஏற்கெனவே மெடிகிளெய்ம் உள்ளதே?" என்றார். சாதாரண மெடிகிளெய்ம் பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். உள்நாட்டுப் பயணத்திற்கு அது போதும். எனினும், சிற்றூர் முகவரியில் எடுத்த சில பாலிசிகளில், டெல்லி, மும்பை போன்ற பெருநகர்களில் சிகிச்சை பெற்றால் செலவில் ஒரு பங்கு நம் தலையில் விழும். இதை எந்த முகவர் முன்கூட்டிச் சொல்கிறார்?

பெரியவர் சற்று யோசித்து, "ஆம் என்றே எழுதுங்கள்" என்றார். பிரிமியம் கூடியது. மருத்துவர் சீட்டையும் மாத்திரைகளையும் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.