குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பணி வாழ்வு

முன்னுரை

தமிழில் குழந்தைப் பாடலுக்குப் பாரதியாரும் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் வழிவகுத்தனர். அவர்களுக்கு அது பல துறைகளுள் ஒன்று. அதையே வாழ்நாள் பணியாக மேற்கொண்டவர் அழ. வள்ளியப்பா (1922–1989). ‘குழந்தைக் கவிஞர்’ என்னும் அடைமொழி அவரது பாடல்களை முன்னிறுத்துகிறது. இதழாசிரியராகவும் அமைப்பாளராகவும் அவர் ஆற்றிய பணி அந்த அடைமொழிக்குள் அடங்கவில்லை. பாடலாக்கமும் அமைப்புப் பணியும் ஒன்றையொன்று வளர்த்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வங்கியும் எழுத்தும்

புதுக்கோட்டை மாவட்டம் இராயவரத்தில் பிறந்த வள்ளியப்பா, பள்ளிக் கல்விக்குப்பின் சென்னைக்கு வந்து, வை. கோவிந்தன் நடத்திய ‘சக்தி’ இதழ் அலுவலகத்தில் 1940ஆம் ஆண்டு பணியில் சேர்ந்தார். அங்கிருந்த தி. ஜ. ரங்கநாதனின் ஊக்கம் அவரை எழுத்தின்பால் ஈர்த்தது. மறு ஆண்டே இந்தியன் வங்கியில் சேர்ந்து, 1982இல் ஓய்வுபெறும்வரை வங்கிப் பணியைத் தொடர்ந்தார். குழந்தை நூல்களின் வருவாயை மட்டும் நம்பி ஓர் எழுத்தாளர் வாழ்வது அரிதாக இருந்த காலம் அது. எனவே வங்கி ஊதியம் அவரது எழுத்துக்குத் தடையாகாமல், அதன் பொருளியல் அடித்தளமாக அமைந்தது எனலாம்.

பாடலின் வளர்ச்சி

முதல் தொகுதியான ‘மலரும் உள்ளம்’ 1944இல் 23 பாடல்களுடன் வெளிவந்தது. பத்தாண்டுகளுக்குப்பின் 1954இல் அதே பெயரில் வந்த தொகுதியில் 135 பாடல்கள் இடம்பெற்றன. 1961இல் மற்றொரு தொகுதி வெளிவந்தது. இவ்வளர்ச்சி எண்ணிக்கை அளவில் நிற்கவில்லை. விலங்குகள், பழங்கள், ஊர்திகள், விழாக்கள் எனக் குழந்தை அன்றாடம் காண்பனவெல்லாம் பாடுபொருளாயின. குறுகிய அடி, எதுகையும் இயைபும் தரும் ஓசை, திரும்பத் திரும்ப வரும் சொல், பேச்சுக்கு அணுக்கமான தொடர் ஆகியவை பாடலை எளிதில் மனப்பாடமாக்கின. அறிவுரை பெரும்பாலும் நிகழ்ச்சிக்குள்ளேயே பொதிந்திருக்கும்.

இதே எளிமையை அவர் நெடிய பொருள்களுக்கும் பயன்படுத்தினார். ‘பாட்டிலே காந்தி கதை’, ‘ஈசாப் கதைப் பாடல்கள்’ ஆகியன கதை கூறும் செய்யுள்கள். ‘சின்னஞ்சிறு வயதில்’ பெரியோர்களின் இளமைப் பருவ நிகழ்ச்சிகளை உரைநடையில் தருகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட ‘நம் நதிகள்’ பிற இந்திய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது.

இதழும் சங்கமும்

வங்கிப் பணிக்கிடையே ‘பூஞ்சோலை’ உள்ளிட்ட சிறுவர் இதழ்களின் ஆசிரியப் பொறுப்பை அவர் ஏற்றார். ஓய்வுக்குப்பின் ‘கோகுலம்’ இதழை வழிநடத்தினார். எழுதத் தொடங்குவோருக்குக் களம் அமைத்துத் தருவதே இதழாசிரியரின் முதன்மைப் பணி. அப்பணியின் விரிவே 1950இல் அவர் முயற்சியால் உருவான குழந்தை எழுத்தாளர் சங்கம். மாநாடுகள், நூற்கண்காட்சிகள், பரிசுப் போட்டிகள் ஆகியவற்றின் வாயிலாகச் சங்கம் சிதறிக் கிடந்த எழுத்தாளர்களை ஒன்றிணைத்தது. குழந்தைக்கு எழுதுவது எழுத்துப் பயிற்சியின் தொடக்கநிலை அன்று, தனித்த இலக்கியத் துறை என்னும் எண்ணம் வலுப்பெற இவ்வமைப்பு துணைநின்றது. தாம் எழுதுவதோடு நிறைவடையாமல் பிறரையும் எழுதவைத்ததே வள்ளியப்பாவின் தனிச்சிறப்பு.

ஆய்வுக் களங்கள்

அவரது பாடல்கள் பல, ஆசிரியர் பெயர் அறியப்படாமலே வாய்மொழியில் வழங்குகின்றன. நாட்டார் பாடல்போல் மக்களிடம் கலந்தது பெருமையே. ஆயினும் ஆக்கியோன் பெயர் மறைவது இலக்கிய வரலாற்றுக்கு இழப்பு. 1944, 1954ஆம் ஆண்டுத் தொகுதிகளை ஒப்பிட்டுப் பாட வேறுபாடுகளை ஆராய்தல் முதற்பணியாகும். ஒசூரை அடுத்த ஜூஜுவாடி போன்ற எல்லைப்புற ஊர்களில் கன்னடமோ தெலுங்கோ பேசும் வீடுகளிலிருந்து தமிழ் வகுப்புக்கு வரும் குழந்தைகளிடம் இப்பாடல்களின் ஓசையும் சொல் மீள்வும் எவ்வாறு செயற்படுகின்றன என்பது மொழிக் கல்வி ஆய்வுக்கு உரிய வினா.

முடிவுரை

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அலுவலகம், இதழ், சங்கம், எழுத்து என நான்கு தளங்களில் இயங்கிய வள்ளியப்பாவின் வாழ்வு, ஓர் இலக்கியத் துறை நிலைபெறப் படைப்புடன் அமைப்பும் தேவை என்பதைக் காட்டுகிறது. ஆதலின், சங்கச் செயற்பாடுகளும் இதழ்த் தொகுப்புகளும் அவரது பாடல்களுக்கு இணையாகத் தொகுக்கப்பட்டு ஆராயப்பட வேண்டும்.