ஒரு மரம், மூவகை இலை

மாணவச் செல்வங்களே,

"இலையைக் கண்டு மரத்தை அறிக" என்று முப்பதாண்டுகள் வகுப்பில் கற்பித்தவன் நான். பணி ஓய்வுக்குப் பின்னர், அவ்விதிக்கு ஒரு மரமே எனக்குத் திருத்தம் சொல்லிற்று.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வாழும் என் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, அருகிலிருந்த காட்டில் நாள்தோறும் உலாவி வந்தேன். காட்டோரத்தில் ஆளுயரக் கன்றுகள் கூட்டமாக நின்றன. ஒரே கிளையில் மூவகை இலைகள்! ஒன்று பிளவின்றி முட்டை வடிவாயிருந்தது. மற்றொன்று, கட்டைவிரல் மட்டும் பிரிந்த கையுறையை ஒத்தது. இன்னொன்று மூன்று மடல்களாகப் பிரிந்திருந்தது. ஓரிலையைக் கசக்கி முகர்ந்தேன், நறுமணம் கமழ்ந்தது. அதுவே சாசஃப்ராஸ்.

நாமறிந்த இலவங்கப்பட்டை மரமும் கற்பூர மரமும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இளவேனிலில், இலை விரியுமுன் மஞ்சட் பூக்கள் மலரும். ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு மரங்களில் தோன்றும். சிவந்த காம்பிலமர்ந்த கருநீலக் கனிகளைப் பறவைகள் உண்டு விதை பரப்பும். வேரிலிருந்தும் புதுக்கன்றுகள் கிளைக்கும். ஆதலால்தான் இவை கூட்டமாக நிற்பதுண்டு.

இதன் வேரைச் சிறந்த மருந்தென நம்பி, பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றினர். பிற்காலத்தில் அது பானங்களுக்கும் மணமூட்டியது. ஆனால், வேரெண்ணெயிலுள்ள சாஃப்ரோல் என்னும் பொருள் எலிகளுக்கு ஈரலில் புற்றுநோய் விளைவிப்பதை ஆய்வு காட்டிற்று. 1960-இல் அமெரிக்க அரசு அதனை உணவிற் சேர்ப்பதைத் தடை செய்தது.

இன்று மரத்துக்கே ஆபத்து நேர்ந்துள்ளது. ஆசியாவிலிருந்து வந்த சிறு வண்டொன்று, 2002-இல் ஜார்ஜியா மாநிலத்தில் காணப்பட்டது. அது சுமந்துவரும் பூஞ்சையால், நீரேறும் குழாய்கள் அடைபட்டு மரம் வாடி மடிகிறது.

அக்காட்டில் நின்றபோது, பழைய நிகழ்ச்சியொன்று என் நெஞ்சை உறுத்தியது. முன்பொருநாள் ஒரு மாணவன், மடல் பிளந்த இலையைக் கொணர்ந்து, "ஐயா, இது எங்கள் கொல்லைப் பலாக்கன்றின் இலை" என்றான். "பலா இலை இவ்வாறிராது" என்று அவன் ஏட்டில் சிவப்புக் கோடிட்டேன். இளம் பலாவின் இலைகள் மடல்பட்டிருப்பதுண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். 'வேறுபட்ட இலைகளையுடையது' என்னும் பொருள் பலாவின் அறிவியற்பெயரிலேயே உள்ளது! அவன் வீடோ பள்ளியிலிருந்து பத்து நிமிட நடைதான். நான் சென்று பார்க்கவில்லை.

செல்வங்களே, நாளையே ஒரு பலாக்கன்றைத் தேடிச் செல்லுங்கள். கண்ட இலைகளையெல்லாம் கண்டவாறே வரையுங்கள். உங்கள் ஆசிரியர் ஐயுற்றால், அவரையும் அன்போடு அம்மரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள்.